என்ன கலர் என்று கேட்டார்கள்

வெள்ளை வண்டி என்று முதலில் சொன்னவன் நான்தான்.

தவசிக்கனியைத் தேரிக்காட்டில் பார்த்த அன்று காலை
ஏட்டையா நோட்டை முழங்காலில் வைத்துக்கொண்டு
'சத்தம் கேட்டேங்கியே, வண்டி என்ன கலர்வே?' என்றார்.
முருங்கைத் தோட்டத்தில் காவல் கட்டிலில்
தலையோடு போர்த்திக் கிடந்தவனுக்கு
என்ன கலர் தெரியும்.
பேனா காத்திருந்தது.
வெள்ளை என்றேன்.

அதற்குப் பிறகுதான் ஊர் எண்ண ஆரம்பித்தது.
காத்தாடிக் கம்பெனி பொலீரோ நான்கு.
பால் வேன்.
ஐஸ் பெட்டி வைத்த உவரி மீன் வண்டி,
அது வெள்ளையா சாம்பலா என்று ஒரு வாரம் வழக்கு.
பாஸ்டர் ஞானதிரவியத்தின் ஆம்னி.

'ஆம்னில பின்சீட்ட கழத்தி வச்சிருக்காரே பாஸ்டரு,
எதுக்குவே கழத்தணும்?'
சலூனில் வண்டிமலை கத்தியை நிறுத்திக் கேட்பான்.
பாதி சிரைத்த முகங்கள் யோசிக்கும்.
ஞாயிறுதோறும் அதில் ஸ்பீக்கர் பெட்டி ஏற்றிய
அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

உரக்கடை அதிசயராஜுக்கு டயர் ஞானம்.
'தடம் அகலம். பொலீரோவேதான். நான் பாத்தேன்லா.'
அது ஆடி மாசம்.
எட்டு மணிக்கெல்லாம் காற்று
செம்மணலைத் துணி விரித்த மாதிரி ஆக்கிவிட்டது.
அவர் போனது பதினொன்றுக்கு.

என்னையும் விடவில்லை.
'பொலீரோன்னா உறுமும், ஆம்னின்னா தையல் மிசின் மாதிரி.
நீ கேட்டது எது?'
நடுவாந்தரம் என்றேன்.
அதற்கும் ஒரு வண்டி கண்டுபிடித்தார்கள்.

ஒடிசாக்கார டிரைவர் ஒருவன் லீவில் போனவன் வரவில்லை.
'பாத்தியா' என்றார்கள்.
பாஸ்டர் ஆம்னிக்கு நீலப் பெயின்ட் அடித்தார்.
'பாத்தியா, பாத்தியா.'

அவளைப் பற்றியும் சொன்னார்கள்.
பத்திரம் டைப் அடிக்கிறவள்,
யார் பட்டாவில் எதை மாற்றினாளோ.
முப்பத்தெட்டு வயது, கல்யாணமில்லை,
அதுக்குள்ளதான்வே விசயம் கெடக்கு.

மோட்டார் மானியத்துக்கு மனு அடிக்கப் போயிருந்தேன் ஒருமுறை.
'கருத்தப்பாண்டி. சின்ன ரவா, பெரிய றவா?'
என் பேரை அப்படி யாரும் கேட்டதில்லை.
எதையாவது போடுங்க என்றேன்.
'எதையாவதுல்லாம் போட முடியாது, ரேசன் கார்டக் கொண்டாங்க.'
சர்வே நம்பர் தெரியாத இடத்தில்
விரலை எடுத்துக்கொண்டு
இடம் விட்டாள்.
வெறும் இடம், அரை விரல் அகலம்.

நான் விடவில்லை.

ஏட்டையா கேட்காதது ஒன்று உண்டு.
தோட்டத்து முக்கில் வண்டி தயங்கியது.
அந்த இருட்டில், காற்றுக்கு நடுவே ஒரு பெண்குரல்:
'மெல்லப் போங்க. முள்ளு கெடக்கு.'
அலறல் இல்லை.
பயங்கூட இல்லை.
தெரிந்தவன் வண்டியின் டயருக்குப் பார்க்கிற குரல்.

போங்க என்றாளா, போடா என்றாளா,
கடைசி எழுத்தைக் காற்று கொண்டுபோய்விட்டது.
அது அவள் குரல்தானா.
அரைத் தூக்கத்தில் நானே உண்டாக்கியதா.
இப்போது போய்ச் சொன்னால்
இவ்வளவு நாள் எங்கேவே இருந்த என்பார்கள்.
அந்த முள்ளை வெட்டிப் போட்டவனும் நான்தான்,
ஆடு வராமலிருக்க.

மூன்று ஆடி போய்விட்டது.
பைல் திருநெல்வேலிக்குப் போனதாகக் கேள்வி.
அவள் கடையில் இப்போது செல்போன் ரீசார்ஜ்.

ராத்திரி எந்த வண்டி வந்தாலும்
கட்டிலை விட்டு எழுந்து வேலியோரம் நிற்கிறேன்.
லைட் நேரே கண்ணில் அடிக்கிறது.
அதற்குப் பின்னால் வருவது
என்ன கலர் என்று
ஒருநாளும் தெரிந்ததில்லை.